'வியாந்த்ரே தெ' சரியா, தவறா? கண்டிஷனலில் அண்மை இறந்தகாலம்

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2023

"பிரெஞ்சு மொழியில் பி1 (இடைநிலை) தேர்வுக்குப் படிக்கிறேன். 'இப்போதுதான் செய்தேன்' என்று சொல்ல உதவும் 'வெனீர் தெ + வினைமூலம்' நிகழ்காலத்திலும் ஆம்பார்ஃபேயிலும் (முற்றுப்பெறா இறந்தகாலம்) மட்டும்தான் வரும் என்று பாடநூலில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. ஒரு பிரெஞ்சுச் செய்தித் தலைப்பிலோ 'லெ மினிஸ்த்ர் வியாந்த்ரே தெ தெமிஸியொனே' என்று இருந்தது. இது கண்டிஷனல், அதாவது நிபந்தனைக்குப் போடும் வினைவடிவம்தானே? பத்திரிகைக்காரர்கள் அவசரத்தில் இலக்கணத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது என் கட்சி. யாராவது மறுக்க முடியுமா?"

3 மார்ச் 2023, இரவு 9.40

மறுக்கிறேன். தலைப்பில் பிழை எதுவும் இல்லை. பாடநூல் சொல்வதும் பி1 மாணவருக்குப் போதுமான உண்மைதான்.

'இல் வியான் தெ தெமிஸியொனே' என்றால் அவர், அதாவது அமைச்சர், இப்போதுதான் பதவி விலகினார். அந்த 'வியான்' கண்டிஷனலுக்கு மாறி 'வியாந்த்ரே' ஆனதும் செய்தி வேறாகிவிடுகிறது: இப்போதுதான் விலகினாராம். பத்திரிகை பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறது. நாங்கள் உறுதிப்படுத்தவில்லை, காதில் விழுந்தது, அவ்வளவுதான். பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் இதற்கென்றே ஒரு தேய்ந்த வாக்கியம் உண்டு: 'லெ கோந்திஸியொனெல் எ தெ ரிகேர்', அதாவது இந்த விஷயத்தில் கண்டிஷனலில்தான் பேச வேண்டும். இலக்கணப் பெயரையே எச்சரிக்கைப் பலகையாக மாட்டும் செய்தி வாசிப்பாளர்களை நான் வேறு மொழியில் பார்த்ததில்லை.

பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது மூக்கொலி எல்லாம் பாழாகும். பொறுத்துக்கொள்ளவும்.

3 மார்ச் 2023, இரவு 10.15

மேலே விட்டுப்போனது. 'இல் செரே பார்த்தி' என்றாலும் போய்விட்டாராம் என்றுதான் பொருள். 'இல் வியாந்த்ரே தெ பார்த்தீர்' என்றால் இப்போதுதான் போனாராம். முதலாவது நேற்றைய வதந்தியாக இருக்கலாம். இரண்டாவதில் சூடு இருக்கிறது. தலைப்பு எழுதுபவர் இந்தச் சூட்டை விடமாட்டார். அதனால்தான் உங்கள் கண்ணில் பட்டது.

4 மார்ச் 2023, காலை 7.05

"அப்படியானால் எல்லாக் காலத்திலும் போடலாமே, பாடநூல் ஏன் தடுக்கிறது?" என்று கேட்டவருக்கு.

எல்லாக் காலத்திலும் போட முடியாது. பேச்சில் வரும் முற்றிய இறந்தகாலமான பாஸே கொம்போஸேயில் போட்டுப் பாருங்கள்: 'ஜெ சுயி வெனு தெ மான்ஜே'. எந்தப் பிரெஞ்சுக்காரரும் நெற்றியைச் சுருக்குவார். கதை எழுத்தில் வரும் இறந்தகாலமான பாஸே சாம்ப்லில் 'இல் வான் தெ பார்த்தீர்' என்றாலும் அதே கதைதான்.

காரணம் இது. 'வெனீர் தெ' ஒரு செயலைச் சொல்வதில்லை, செயல் முடிந்த கையோடு நிலவும் நிலையைச் சொல்கிறது. இப்போதுதான் வண்ணம் அடித்த சுவர் என்று வையுங்கள். ஈரம் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் ஒருவர் பக்கத்தில் நின்று தொட்டுப் பார்க்க வேண்டும். நிகழ்காலத்தில் நாம் நிற்கிறோம். ஆம்பார்ஃபேயில் கதைக்குள் ஒருவர் நிற்கிறார்: 'ஜெ வெனே தெ மான்ஜே கான் த்யூ ஆ அப்லே', நீ அழைத்தபோது நான் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தேன். பாஸே கொம்போஸேயும் பாஸே சாம்ப்லும் நிகழ்ச்சியை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே மூட்டையாகக் கட்டித் தருபவை. உள்ளே நிற்க இடமில்லை.

ஆகவே பாடநூலின் கட்டத்தை இப்படித் திருத்தி எழுதிக்கொள்ளலாம்: முற்றுப்பெறாத பார்வை உள்ள வடிவம் எதுவானாலும் 'வெனீர் தெ' வரும். சப்ஜோங்க்திஃப் (ஐயம், விருப்பம் போன்றவற்றுக்கு வரும் வினைப்பாங்கு) நிகழ்காலமா? வரும்: 'பியான் கில் வியென் தாரிவே', அவர் இப்போதுதான் வந்திருந்தாலும். எச்சமா? வரும்: 'வெனான் தாரிவே, ஜெ நெ கொனே பெர்சொன்', இப்போதுதான் வந்ததால் யாரையும் தெரியாது. கண்டிஷனல் நிகழ்கால வடிவமும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததே. அதன் விகுதி அப்படியே ஆம்பார்ஃபேயின் விகுதி. 'வெனே', 'வியாந்த்ரே' இரண்டும் ஒரே 'ஏ'யில் முடிவது தற்செயல் இல்லை.

4 மார்ச் 2023, காலை 7.30

ஏன் தற்செயல் இல்லை என்றால்: பேச்சு லத்தீனில் வினைமூலத்தோடு 'ஹாபெபாம்' சேர்த்துச் சொன்னதுதான் தேய்ந்து கண்டிஷனல் ஆனது. 'ஹாபெபாம்' என்பது 'வைத்திருத்தல்' வினையின் முற்றுப்பெறா இறந்தகாலம். அதன் வால்தான் இன்றைய 'ஏ'. எதிர்காலத்துக்கு அதே வினைமூலம், 'ஹாபெயோ' என்ற நிகழ்கால வால். இரட்டைப் பிள்ளைகள், வால் மட்டும் வேறு. கண்டிஷனலைத் தனி வினைப்பாங்காக வைக்காமல் இன்டிகாத்திஃபின் (சாதாரணக் கூற்றுக்கான வினைப்பாங்கின்) காலங்களில் ஒன்றாகச் சேர்க்கும் இலக்கணங்கள் இப்போது பல. பழைய பாடநூல் வைத்திருப்பவர்கள் அட்டவணையில் தேடிக் குழம்ப வேண்டாம்.

4 மார்ச் 2023, மாலை 6.20

கண்டிஷனல் இறந்தகாலம் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். 'இல் செரே வெனு தெ மான்ஜே' கிடையவே கிடையாது. பாஸே கொம்போஸேயில் பார்த்த அதே விதிதான்: துணைவினை சேர்ந்த கூட்டுக்காலம் எதிலும் வராது. 'இல் செரே வெனு தெ லியோன்' வரும். ஆனால் அது ஊர்ப்பெயர். லியோனிலிருந்து வந்தாராம், நிஜமாகவே வண்டியேறி வந்தார். 'தெ'க்குப் பின் பெயரா வினையா என்று பார்த்தால் போதும்.

இங்கே ஒரு பொத்தல் இருக்கிறது. செய்தி வாக்கியங்களைத் தமிழாக்கும் வேலையில் அடிக்கடி தட்டுப்படுவது. "விபத்து நடந்தபோது அவர் அப்போதுதான் வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தாராம்." இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? கிளம்பியிருந்தார் என்றால் 'இல் வெனே தெ சொர்த்தீர்'. 'ஆம்' சேர்க்க வேண்டும். ஆம்பார்ஃபேயை வதந்தியாக்க வேண்டுமானால் சாதாரணமாகக் கண்டிஷனல் இறந்தகாலத்துக்குப் போவார்கள். நம் ஆளோ அங்கே போக மாட்டேன் என்கிறார். கதவு அடைபட்டதால் சுற்றுவழி: 'இல் வெனே, சாம்ப்ல்-தில், தெ சொர்த்தீர்' என்று நடுவில் 'தோன்றுகிறது' செருகுவார்கள், அல்லது 'செலோன் அன் தெம்வான்', ஒரு சாட்சியின்படி, என்று தலையில் வைப்பார்கள். 'வெனீர் தெ'யையே கைவிட்டு, 'இப்போதுதான்' என்ற பொருளில் 'தூ ஜுஸ்த்' போட்டுக் கூட்டுக்காலத்தில் எழுதுவதும் உண்டு. பிரெஞ்சு மூலத்தில் ஒரு செருகல் தொடர் காரணமில்லாமல் நிற்பதுபோலத் தெரிந்தால் பெரும்பாலும் இந்தப் பொத்தலை அடைக்கத்தான் நிற்கிறது.

5 மார்ச் 2023, இரவு 11.00

"வதந்தி சரி. நிபந்தனைக்கு? 'நீ சீக்கிரம் வந்திருந்தால் நான் அப்போதுதான் சாப்பிட்டிருப்பேன்' என்பதற்கு 'ஜெ வியாந்த்ரே தெ மான்ஜே' போடலாமா? அதைத்தான் ஆசிரியர் சிவப்பு மையில் அடித்தார்."

ஆசிரியர் அடித்தது நியாயம். நடக்காமல் போன இறந்தகாலத்துக்குக் கூட்டுக்காலம் வேண்டும், கூட்டுக்காலத்தில் 'வெனீர் தெ' வராது, முடிந்தது கதை. 'ஜோரே தூ ஜுஸ்த் ஃபினி தெ மான்ஜே' என்று எழுதுங்கள். 'தூ ஜுஸ்த்' என்ற வினையடை காலத்தைப் பற்றிக் கவலைப்படாத பிராணி, எந்த வடிவத்திலும் குந்திக்கொள்ளும். 'ஆ பென்' அதைவிடச் சற்று எழுத்துநடை.

நாளைக்குத் தேர்வு இருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. தமிழில் மனதுக்குள் சொல்லிப்பாருங்கள். 'ஆம்' விகுதி வந்தால் 'வியாந்த்ரே தெ'. 'இருப்பேன், இருப்பார்' வந்தால் 'தூ ஜுஸ்த்'. பத்துக்கு எட்டு இடத்தில் காப்பாற்றும். மிச்சம் இரண்டைப் பற்றி யாராவது சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

6 மார்ச் 2023, காலை 6.50

எதிர்பார்த்தபடி வந்துவிட்டார். அவர் வைத்த வாக்கியம்: 'சி ஓன் நெத்தே ஆ மோன்ரெயால், ஜெ வியாந்த்ரே தெ மெ லெவே'. பாரிஸில் மதியம் 1 மணி, மொந்திரியாலில் காலை 7. நாம் அங்கே இருந்தால் நான் இப்போதுதான் கண் விழித்திருப்பேன். தமிழில் 'இருப்பேன்' வருகிறது. பிரெஞ்சில் 'வியாந்த்ரே தெ' உறுத்தாமல் உட்காருகிறது. குறுக்குவழி இங்கே உதவாது என்கிறார்.

நல்ல வாக்கியம். மிச்சம் இரண்டில் ஒன்று இதுதான். குறுக்குவழியை ஓரமாக வைத்துவிட்டு நேற்று முன்தினக் காலைக் குறிப்புக்குப் போங்கள்: நிற்க ஒரு 'இப்போது' வேண்டும். 'நீ சீக்கிரம் வந்திருந்தால்' வாக்கியத்தில் பேச்சு முழுக்க நடந்து மூடிய நேரத்தைப் பற்றியது. மொந்திரியால் வாக்கியத்தில் இதே நிமிடம்தான், ஊரை மட்டும் மாற்றுகிறோம். கற்பனையான 'இப்போது'வும் 'இப்போது'தான். நிபந்தனையா வதந்தியா என்பது முக்கியமே இல்லை. நிகழ்காலத்தைப் பார்க்கும் கண்டிஷனலா, இறந்ததைப் பார்க்கும் கண்டிஷனலா என்பதே கேள்வி. வதந்திச் செய்தி எப்போதும் இன்றைய தேதியில் நிற்பதால் அங்கே இந்த வடிவம் கொழிக்கிறது. நிபந்தனை வாக்கியம் இவ்வளவு துல்லியமாக இந்த நிமிடத்தைக் குறிவைப்பது அபூர்வம். அதனால் அங்கே அரிது. இலக்கணம் அதைத் தடுக்கவில்லை.

6 மார்ச் 2023, மதியம் 1.10

'சி'யோடு, அதாவது 'வந்தால்' என்பதில் வரும் 'ஆல்' பொருளுக்கான சொல்லோடு, விளையாடுகிறவர்களுக்கு: 'சி ஜெ வியாந்த்ரே தெ…' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். நிபந்தனைச் 'சி'க்குப் பின் கண்டிஷனல் வராது, ஆம்பார்ஃபே வரும்: 'சி ஜெ வெனே தெ கூரீர், ஜெ செரே ரூஜ்', இப்போதுதான் ஓடி வந்திருந்தால் முகம் சிவந்திருக்கும். பிரெஞ்சுப் பள்ளிகளில் இதற்கு ஒரு சிலேடை உண்டு: 'லே சி நேம் பா லே ரே'. 'சி'களுக்கு 'ரே'யில் முடியும் வடிவம் பிடிக்காது. காதால் கேட்டால் இன்னொரு பொருளும் வரும்: ரம்பங்களுக்குத் திருக்கை மீன்களைப் பிடிக்காது. ரம்பமும் திருக்கையும் படம் போட்டு மாட்டினால் ஒரு குழந்தையும் மறக்காது. பெரியவர்கள் நாம்தான் மறக்கிறோம்.

'கொம் சி'யும் அப்படியே. 'கொம் சி ஜெ வெனே தெ நேத்ர்', இப்போதுதான் பிறந்தவன் போல. 'வெனீர் தெ' மிக இயல்பாக வரும் இடங்களில் இது ஒன்று. கற்பனைதான், ஆனாலும் வடிவம் ஆம்பார்ஃபே. கண்டிஷனலைத் தேடிக்கொண்டு இங்கே வந்தால் ஏமாறுவீர்கள்.

6 மார்ச் 2023, மதியம் 1.25

'வருமா வராதா என்று தெரியவில்லை' என்ற 'சி' வேறு. அதற்குப் பின் கண்டிஷனல் தாராளமாக வரும். ரம்பம் அங்கே கடிக்காது.

7 மார்ச் 2023, இரவு 8.45

இந்த இழையிலேயே எனக்கு மிகப் பிடித்த பின்னூட்டம் இன்று வந்தது. பிரான்சில் வளரும் தன் பெண் விளையாடும்போது சொன்னதாக ஒரு தாய் எழுதியிருக்கிறார்: 'த்வா த்யூ செரே லெ கார்தியான், ம்வா ஜெ வியாந்த்ரே தெ மெவாதே'. நீ காவலாளி, நான் இப்பத்தான் ஜெயிலிலிருந்து தப்பிச்சு வந்திருக்கேன், என்று பாத்திரம் பிரிக்கிறாள். விளையாட்டுக் கண்டிஷனல் என்று இதற்கு இலக்கணக்காரர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள், 'லுதிக்' என்பார்கள். எந்தப் பாடநூலிலும் தேர்வுக்கு வராது. பிரெஞ்சுக் குழந்தைகளுக்கோ கண்டிஷனலோடு முதல் பழக்கமே பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இதைத் தமிழில் நம் பிள்ளைகள் எப்படிச் சொல்வார்கள்? "நீதான் போலீஸாம், நான் இப்பத்தான் தப்பிச்சு வந்தேனாம்." அதே 'ஆம்'. அமைச்சர் விலகினாராம் என்பதிலும் 'ஆம்', நான் தப்பித்து வந்தேனாம் என்பதிலும் 'ஆம்'. பிரெஞ்சும் வதந்திக்கும் விளையாட்டுக்கும் ஒரே கண்டிஷனலைத்தான் எடுக்கிறது. இரண்டு இடத்திலும் பேசுபவர் ஒரு சங்கதியை முன்னால் வைத்துவிட்டு, இது மெய் என்று நான் சொல்லவில்லை என்று பின்வாங்குகிறார். ஒருவருக்கு ஆதாரம் இல்லை, இன்னொருவருக்கு ஆதாரம் தேவையே இல்லை. உறவே இல்லாத இரண்டு மொழிகள் இந்த இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டியிருப்பதைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டேன்.

இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. மரியாதைக்குப் போடும் கண்டிஷனல், 'ஜெ வூத்ரே', எனக்கு வேண்டும் என்பதன் பணிவான வடிவம். அங்கே நம் 'ஆம்' போட்டால் "எனக்கு ஒரு ரொட்டி வேணுமாம்" என்று ஆகிவிடும். பக்கத்தில் நிற்பவர் யாருக்கு என்று கேட்பார்.

8 மார்ச் 2023, காலை 7.15

தமிழ்க்காரர்களுக்கு மட்டும் காத்திருக்கும் ஒரு பள்ளம். 'வெனீர்' என்றால் வருதல், ஆகவே 'ஜெ வியான் தெ மான்ஜே' நம் "சாப்பிட்டுட்டு வர்றேன்" மாதிரி என்று சிலர் மனதில் பதித்துக்கொள்கிறார்கள். தலைகீழ். "சாப்பிட்டுட்டு வர்றேன்" என்று சொல்பவர் இன்னும் சாப்பிடவில்லை, எழுந்து போகப்போகிறார். பிரெஞ்சில் அதைச் சொன்னவர் சாப்பிட்டு முடித்துவிட்டார், எங்கும் போகவில்லை, எங்கிருந்தும் வரவும் இல்லை.

8 மார்ச் 2023, இரவு 9.30

'தெ'க்குப் பதில் 'ஆ' போட்டால் உலகமே மாறும் என்று ஒருவர் எழுதியது மிகச் சரி. 'சில் வெனே ஆ ப்லெவ்வார்': ஒருவேளை மழை வந்துவிட்டால். 'சில் வெனே தெ ப்லெவ்வார்': இப்போதுதான் மழை பெய்து ஓய்ந்திருந்தால். முதலாவதில் குடை எடுக்க வேண்டும், இரண்டாவதில் வழுக்காமல் நடக்க வேண்டும். 'மூரீர்', இறத்தல் என்ற வினையோடு போட்டுப் பார்த்தால் இன்னும் விபரீதம். ஒன்று உயில் எழுதுபவர் பேச்சு, மற்றது துக்கம் விசாரிப்பவர் பேச்சு.

10 மார்ச் 2023, மாலை 5.00

வெள்ளிக்கிழமை, கொஞ்சம் திசை மாறுகிறேன்.

'வெனீர்' என்ற வினையில் இல்லாத 'த்' 'வியாந்த்ரே'யில் எங்கிருந்து முளைத்தது? நடு உயிர் தேய்ந்து போனதும் 'ன்' பக்கத்தில் 'ர்' வந்து இடித்தது. 'ன்'லிருந்து 'ர்'க்கு நாக்கு தாவும்போது இடையில் ஒரு 'த்' தானாக விழும். ஒலி உதவிக்கு வந்த விருந்தாளி, பிறகு வீட்டோடு தங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைக்கான 'வாந்த்ரெதி'யிலும் இதே விருந்தாளி: லத்தீன் 'வெனெரிஸ்', வீனஸ் தெய்வத்தின் நாள், நடு 'எ' போனதும் 'த்' புகுந்தது. மருமகனைக் குறிக்கும் 'ஜாந்த்ர்' லத்தீன் 'கெனெரும்'. சாம்பலைக் குறிக்கும் 'சாந்த்ர்' லத்தீன் 'சினெரெம்'.

நமக்கு இது புதிதா? 'மூன்று', 'கன்று' என்று எழுதிவிட்டு உரக்கப் படித்துப் பாருங்கள். 'ன்'க்கும் 'ற'வுக்கும் நடுவே ஒரு மெல்லிய 'ட்' கேட்கும். எழுத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதை எழுத்திலும் ஏற்றிவிட்டார்கள்.

10 மார்ச் 2023, மாலை 5.40

"இதற்கும் அண்மை இறந்தகாலத்துக்கும் என்ன சம்பந்தம்?" ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை என்று முதல் வரியிலேயே சொன்னேன்.

12 மார்ச் 2023, காலை 8.00

எதிர்காலம் பற்றிக் கேட்டவருக்கு. 'கான் த்யூ ஆரிவெரா, ஜெ வியாந்த்ரே தெ ஃபினீர்': நீ வரும்போது நான் அப்போதுதான் முடித்திருப்பேன். விதிப்படி எதிர்காலத்திலும் ஒரு கற்பனை 'இப்போது' உண்டு, ஆகவே முடியும். நடப்பில் சொல்ல மாட்டார்கள், 'ஜோரே தூ ஜுஸ்த் ஃபினி' என்பார்கள். கேட்பவர்கள் 'புரிகிறது, ஆனால்…' என்று இழுக்கும் வகை வாக்கியம். இறந்தகாலத்திலிருந்து பார்த்த எதிர்காலமும் அதே தரம்: அவள் வருவதற்குள் நான் அப்போதுதான் முடித்திருப்பேன் என்று நினைத்தாள். இங்கேயும் 'தூ ஜுஸ்த்' பக்கம் ஒதுங்குவது மேல்.

மேலே கவனித்தீர்களா? எதிர்கால 'வியாந்த்ரே'யும் கண்டிஷனல் 'வியாந்த்ரே'யும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. பிரெஞ்சு எழுத்தில் தன்மை ஒருமைக்குக் கடைசியில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஒலியில் மூடிய 'ஏ', திறந்த 'ஏ' என்று பிரிக்க வேண்டும் என்பார்கள், ஆனால் பிரிக்காமலே பேசும் பிரெஞ்சுக்காரர்கள் ஏராளம். படர்க்கையில் தகராறு இல்லை: 'இல் வியாந்த்ரா' எதிர்காலம், 'இல் வியாந்த்ரே' கண்டிஷனல். சந்தேகம் வந்தால் வாக்கியத்தை அவருக்கு மாற்றிச் சொல்லிப் பாருங்கள், தானே தெளியும்.

15 மார்ச் 2023, இரவு 10.20

ஒரு நீண்ட பின்னூட்டம் 'ஆலே (போதல்) + வினைமூலம்' பற்றி, அண்மை எதிர்காலத்துக்கும் இதே விதியா என்று. ஆரம்பம் ஒன்று, முடிவு வேறு.

'இல் வா பார்த்தீர்', கிளம்பப்போகிறார். 'இல் ஆலே பார்த்தீர்', கிளம்பவிருந்தார். இதுவரை 'வெனீர் தெ'யின் உடன்பிறப்பு. வதந்தியாக்கப் பாருங்கள். 'இல் இரே மான்ஜே' என்றால் 'சாப்பிடப்போகிறாராம்' என்று வராது. 'சாப்பிடப் போவார்' என்று கால் நடையாகப் போகும் பொருள் திரும்பி வந்துவிடுகிறது. 'ஆலே' கண்டிஷனலில் தன் பழைய உடம்புக்குள் புகுந்துகொள்கிறது. ஆகவே பதவி விலகப்போகிறாராம் என்ற செய்திக்குத் தலைப்பு 'லெ மினிஸ்த்ர் செரே சுர் லெ ப்வான் தெ தெமிஸியொனே', விலகும் தறுவாயில் இருக்கிறாராம். அல்லது 'தெவ்ரே', விலகக்கூடும்.

'வெனீர் தெ'க்கு ஏன் அந்த விபத்து நேரவில்லை? என் ஊகம்: 'போய்ச் சாப்பிடு' என்ற நடைப்பொருள் 'ஆலே + வினைமூல'த்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 'சாப்பிடுவதிலிருந்து வருகிறேன்' என்ற நடைப்பொருள் 'வெனீர் தெ + வினைமூல'த்தில் செத்துவிட்டது. திரும்பிப் போக வீடில்லாததால் கண்டிஷனலிலும் அண்மைப் பொருளோடேயே நிற்கிறது. வேறு விளக்கம் இருந்தால் எழுதுங்கள், இதில் நான் பிடிவாதக்காரன் இல்லை.

16 மார்ச் 2023, காலை 6.40

கேள்வி வாக்கியத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். 'த்யூ நெ வியாந்த்ரே பா தெ ஃபுமே, பார் அஸார்?' நீ இப்ப சிகரெட் பிடிச்சிட்டு வரலையே, தற்செயலா? இது வதந்தி இல்லை, நிபந்தனை இல்லை. மூக்கில் வாடை அடித்தபின் கேட்கும் கேள்வி. 'பார் அஸார்' என்ற 'தற்செயலாக' முழுக்க நடிப்பு, விடை கேட்பவருக்கே தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், 'வெனீர் தெ' சாதாரணமாக எதிர்மறையை விரும்பாது. 'ஜெ நெ வியான் பா தெ மான்ஜே' என்று தனியாக யாரும் சொல்ல மாட்டார்கள், முன்னால் யாரோ சொன்னதை மறுத்தாலொழிய. இப்படிப்பட்ட கேள்வியில் எதிர்மறை இயல்பாக வருகிறது. ஏனென்றால் அங்கே 'பா' எதையும் மறுக்கவில்லை, ஆமாம் என்ற பதிலைத் தூண்டில் போட்டு இழுக்கிறது.

16 மார்ச் 2023, மதியம் 12.30

'ஓன் திரே கில் வியான் தெ ப்லெவ்வார்', இப்போதுதான் மழை பெய்த மாதிரி இருக்கிறது. இதை ஒருவர் கண்டிஷனல் உதாரணமாகப் போட்டிருக்கிறார். கண்டிஷனல் அங்கே 'தீர்', சொல்லுதல் என்ற வினையில் இருக்கிறது. 'வெனீர்' நிகழ்காலத்தில்தான். கணக்கில் சேராது.

2 ஏப்ரல் 2023, இரவு 9.10

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். 'இல் வியாந்த்ரே தேத்ர் நொமே' என்று இன்னொரு தலைப்பு பார்த்தாராம். 'தெ'க்குப் பின் 'ஏத்ர்' (இருத்தல்) வந்தால் அது கூட்டுக்காலமாகிவிடாதா, கூட்டுக்காலம் கூடாது என்றீர்களே, என்கிறார்.

அது செயப்பாட்டுவினை: இப்போதுதான் நியமிக்கப்பட்டாராம். தடை 'வெனீர்' கூட்டுக்காலத்தில் போவதற்குத்தான், பின்னால் வரும் வினை செயப்பாட்டில் இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. பத்திரிகையில் இந்த அச்சு கொட்டிக்கிடக்கும், யாரையாவது எப்போதும் எதற்காவது நியமித்துக்கொண்டே இருப்பதால். 'இல் வியாந்த்ரே தாவ்வார் 18 ஆன்' என்பதும் சரி, இப்போதுதான் 18 வயது ஆனதாம். அங்கே 'ஆவ்வார்' (வைத்திருத்தல்) முதன்மை வினை.

கூடாதது 'இல் வியாந்த்ரே தாவ்வார் ஃபினி', 'இல் வியாந்த்ரே தேத்ர் பார்த்தி'. இவற்றில் 'ஆவ்வார்', 'ஏத்ர்' இரண்டும் முடிந்துபோனதைக் காட்டும் துணைவினைகள், 'வெனீர் தெ'யும் அதையே காட்டுகிறது. ஒரே வேலைக்கு இரண்டு ஆள். 'தெ ஃபினீர்', 'தெ பார்த்தீர்' என்று வெறும் வினைமூலம் போதும். 'தேத்ர்' பார்த்ததும் பின்னால் 'பார்' சேர்த்து 'இன்னாரால்' என்று கேட்க முடிகிறதா என்று பாருங்கள். நியமிக்கப்பட்டார், யாரால் என்று கேட்கலாம். 'பார்த்தி'யிடம் அப்படிக் கேட்க முடியாது.